மூடிக்காக ஒரு சங்கம்

தையல்காரர் கேட்டது சங்கம் அல்ல, ஒரு மூடி. இரண்டரை அடி நீளம், இரண்டரை அடி அகலம். முப்பது வருஷமாக ஆட்களைப் பார்த்தவுடன் இடுப்பளவு சொல்லிப் பழகிய கண், குழியைப் பார்த்தவுடன் அதன் அளவையும் சொல்லிவிட்டது.

அவருடைய தெரு பெரிய சாலையில் போய்ச் சேரும் முனையில், நடைபாதை நடுவே சாக்கடைக்கு ஒரு வாய் உண்டு. அதற்கு இரும்பு மூடி ஒன்றும் இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் மூடியைக் காணோம். மூன்றாம் நாள் சாயங்காலம், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்குப் புறப்பட்ட தையல்காரரின் மனைவி, இடது காலை அந்த வாய்க்குள் விட்டுவிட்டாள். கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது. போய் அப்படி என்னதான் பேசுவார்களோ, திரும்பி வரும்போது முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருக்கும். அக்காவுக்கு முட்டிவலி, மாடிப்படி இறங்க முடியாது. இப்போது சாலைக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கை, நடுவில் குழி.

"மூடி போடாம நான் வாசப்படி இறங்க மாட்டேன். கட்டு பிரிச்சாலும் சரி, பிரிக்காட்டியும் சரி," என்று மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். தையல்காரருக்கு அது கல்யாணமான மறுநாளே தெரியும்.

பக்கத்து வீட்டு வெல்டிங் கடைக்காரர் நல்ல மனிதர். கடையில் கிடந்த ஒரு தகரத்தைக் கொண்டுவந்து குழியை மூடினார். இரண்டே நாளில் மாநகராட்சி லாரி வந்து, நடைபாதை ஆக்கிரமிப்பு என்று தகரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மாநகராட்சியில் எதுவும் சீக்கிரம் நடக்காது என்று சொல்பவர்கள் அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே தையல்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

"மூடி வேணும் சார்."

"யாருக்கு?" என்று கேட்டார் உதவி அலுவலர்.

"குழிக்கு."

"கேக்குறது யாரு?"

"நான்தான் சார்."

உதவி அலுவலர் அவரைப் பரிவோடு பார்த்தார். "நீங்க தனிநபர். தனிநபர் கண்ணுக்கு ஆயிரம் தெரியும். குழி தெரியும், குப்பை தெரியும். அதையெல்லாம் நாங்க பாத்துக்கிட்டிருந்தா வேலை எப்பப் பாக்குறது? ஒரு சங்கம் சொன்னாத்தான் அது குழி. அதுவரைக்கும் அது உங்க அபிப்பிராயம்."

"எம் பொண்டாட்டி கால் ஒடைஞ்சிருக்கு சார்."

"அது அவங்க அபிப்பிராயம்," என்று சொல்லி, நாற்பத்தெட்டுப் பக்கத்தில் 'குடியிருப்போர் சங்க அங்கீகார விதிகள்' என்ற புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தைத் தையல்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரிடம் கொண்டுபோனார். வாத்தியார் தெருவின் எட்டாம் எண் வீட்டில் இருப்பவர். ஓய்வு பெற்று நாலு வருஷமாகத் திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் வாடிப்போயிருந்தவர். புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து, சிவப்புப் பேனாவால் பதினேழு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, "சங்கத்துக்கு நான் தலைவரா இருக்கேன்" என்று தாமாகவே ஒப்புக்கொண்டார். வெல்டிங் கடைக்காரர் துணைத்தலைவர். தையல்காரர் செயலாளர். செயலாளர் என்றால் நடக்கிறவர் என்று பிற்பாடு தெரிந்தது.

முதல் விண்ணப்பம் பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டது. சங்கத்தின் நோக்கம் என்ற இடத்தில் தையல்காரர் 'மூடி' என்று எழுதியிருந்தார். நோக்கம் இருபத்தைந்து வார்த்தைக்குக் குறையக் கூடாது. தவிரவும் அதில் குறிப்பிட்ட பொருள் எதன் பெயரும் வரக் கூடாது. வாத்தியார் இரண்டு நாள் உட்கார்ந்து, குடியிருப்போரின் நல்வாழ்வு, நல்லிணக்கம், நற்சிந்தனை என்று ஆரம்பித்து முப்பத்தொரு வார்த்தையில் ஒரு நோக்கம் எழுதினார். அதில் எல்லாம் இருந்தது, மூடியைத் தவிர.

அடுத்தது வரைபடம். தெருவின் நீளத்தை அளந்து, எல்லை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று காட்ட வேண்டும். யார் அளக்க வேண்டும் என்று விதியில் இல்லை. தெருவில் டேப் வைத்திருந்தவர் ஒருவர்தான். அறுபது அங்குல டேப்பைப் பிடித்துக்கொண்டு, தெருவின் அடிமுனைச் சுவரிலிருந்து தையல்காரர் குனிந்து குனிந்து அளந்துகொண்டே வந்தார். சாக்குக்கட்டியால் கோடு போடுவார், நோட்டில் குறிப்பார், நகர்வார். நூற்று முப்பது தடவை. கடைசி வீட்டுச் சுவரில் வந்து முடிந்தபோது இடுப்பு நிமிரவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷமாக அந்த மனிதர் எதை அளந்தாலும் உள்ளே மடித்துத் தைக்கும் உள்தையலுக்கென்று ஒரு அங்குலம் கூட்டித்தான் குறிப்பார். கை தானாகவே அப்படிச் செய்யும். அறுபது என்று அளந்தால் நோட்டில் அறுபத்தொன்று. ஒவ்வொரு தடவையும். வாத்தியார் நூற்று முப்பதை அறுபத்தொன்றால் பெருக்கி, அடியாக்கி, தெருவின் நீளம் அறுநூற்று அறுபது அடி பத்து அங்குலம் என்று முத்துமுத்தான எழுத்தில் வரைபடத்தில் எழுதினார். பெருக்கலில் ஒரு தப்பும் இல்லை. மாநகராட்சியும் ஏழு முத்திரை குத்தி அதை ஏற்றுக்கொண்டது. அளந்து பார்க்க ஒருவரும் வரவில்லை. அளப்பது வேறு பிரிவு.

அதற்குள் மனைவிக்கு மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். அவள் வீட்டுக்குள்ளேயே கைத்தடியோடு நடந்தாள். சாயங்காலம் ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருமுனையையே பார்ப்பாள். அக்காவோடு போனில் பேசலாமே என்றால், "போன்ல பேசுறதுக்கு எங்ககிட்ட என்ன விஷயம் இருக்கு?" என்பாள். அதைக் கேட்டுத் தையல்காரர் எழுந்து போய் மிஷினை மிதிப்பார்.

நாலாவது மாதம் முப்பத்தொன்பதாம் பக்கத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு சங்கத்திலும் தகராறு தீர்க்கும் குழு இருக்க வேண்டும். இருந்தால் போதாது, அது வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சியாகக் குறைந்தது ஒரு தகராறாவது அலுவலர் முன்னிலையில் நடந்து தீர்ந்திருக்க வேண்டும்.

"எங்க தெருவுல தகராறே இல்லையே சார்," என்றார் தையல்காரர்.

உதவி அலுவலரின் முகம் வாடிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க. தகராறு இல்லாத இடத்துல மனுஷங்க இருக்காங்கன்னு நான் எப்படி மேல எழுதுறது? வியாழக்கிழமை வர்றேன். ஏற்பாடு பண்ணி வைங்க."

வாத்தியாரும் வெல்டிங் கடைக்காரரும் சண்டை போடுவது என்று தீர்மானமாயிற்று. இருவரும் இருபது வருஷ சிநேகிதர்கள். வியாழக்கிழமை தையல்காரர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, உதவி அலுவலரை உட்கார வைத்தார்கள். முதலில் அவர் பேசினார்.

"நாலு பேர் கூடினா அது கூட்டம். கூடிக் கையெழுத்துப் போட்டா சங்கம். அந்தக் காகிதத்தை நாங்க வாங்கி அலமாரியில வெச்சாத்தான் தெரு. இருபத்திரண்டு வருஷமா இந்தப் பிரிவுல இருக்கேன். முந்நூறு சங்கத்துக்கு மேல அங்கீகாரம் வாங்கிக் குடுத்திருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சங்கத்தோட கோரிக்கையும் நிறைவேறினதில்ல. ஏன்? நிறைவேறிட்டா கலைஞ்சு போயிடுவாங்க. சங்கங்களை அழிய விடாமக் காப்பாத்துறதுதான் எங்க கொள்கை!"

கை தட்டினார்கள். பிறகு தகராறு ஆரம்பமாயிற்று.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் வெல்டிங் கடைக்காரர். "நீங்க மாடியில துணி காயப்போடுறீங்க, அது எங்க வாசல்ல சொட்டுது."

"மன்னிக்கணும் தம்பி, இனிமே பிழிஞ்சு போடச் சொல்றேன்."

"ஐயோ, பரவாயில்ல சார்."

உதவி அலுவலர் பேனாவை மூடினார். "இதுக்குப் பேர் தகராறா? நாங்க ஆபீஸ்ல டீ குடிக்கும்போதே இதைவிட நல்லாப் போட்டுக்குவோம்."

ஜன்னலிலிருந்து தையல்காரரின் மனைவி எட்டிப் பார்த்தாள். நாலு மாத நடை வீணாகப் போகிறதே என்ற தவிப்பு அவளுக்கு. "ஏன், அந்த ஏணி விஷயத்தைக் கேக்குறதுதானே?" என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வெல்டிங் கடைக்காரர் தம் கையால் செய்த இரும்பு ஏணியை வாத்தியார் வாங்கிப் போனார். திருப்பிக் கொடுக்கவில்லை என்கிறார் இவர். கொடுத்தாயிற்று என்கிறார் அவர்.

"குடுத்திருந்தா எங்க வீட்டுல இருக்கணுமே சார்!"

"அப்ப நான் ஏணி திருடனா? ரெண்டாயிரம் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவன்யா நான்!"

"கழித்தல் மட்டும் நல்லாச் சொல்லிக் குடுத்திருப்பீங்க!"

அப்புறம் நடந்ததை எழுதக் கூடாது. உதவி அலுவலர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து, "பிரமாதம், தரமான தகராறு" என்று சான்று எழுதி, தீர்ந்தது என்ற கட்டத்திலும் அவரே ஒரு டிக் அடித்துவிட்டுக் கிளம்பினார். காகிதத்தில் தீர்ந்தது. தெருவில் தீரவில்லை. வாத்தியாரும் வெல்டிங் கடைக்காரரும் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. வெல்டிங் கடைக்காரர் துணைத்தலைவர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் கொடுத்தார். அதிலிருந்த மூன்று பிழைகளைத் திருத்தி வாத்தியார் திருப்பி அனுப்பினார்.

தையல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. நல்லிணக்கம் என்று நோக்கம் எழுதிய சங்கம், தெருவில் இருந்த ஒரே நல்லிணக்கத்தையும் விழுங்கிவிட்டதே! கைகழுவப் பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பின்சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே படுக்கைவாக்கில் ஒரு இரும்பு ஏணி. அதன் மேல் அவருடைய இரண்டு வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"ஏம்மா, இது யாரு ஏணி?"

மனைவி கைத்தடியோடு வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்கதானே வாத்தியார் வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தீங்க, நம்ம கடைக்குப் பெயர்ப்பலகை மாட்ட? நான் துணி காயப்போடுற கம்பின்னே நெனச்சுட்டேன்," என்றாள்.

அன்றைக்கே தையல்காரர் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு முதலில் வாத்தியார் வீட்டுக்கும் பிறகு வெல்டிங் கடைக்கும் போனார். இரண்டு இடத்திலும் வசவு விழுந்தது. அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். ஆனால் இருபது வருஷமாக இல்லாத வார்த்தைகளைப் பேசிவிட்டவர்கள், ஏணி கிடைத்ததென்று உடனே சிரித்துவிடுவார்களா? ஒருவர் வருகிறார் என்றால் மற்றவர் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்.

ஏழாவது மாதம் அங்கீகாரம் வந்தது. தையல்காரர் ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்குப் போனார்.

"இப்ப புகார் குடுக்கலாமா சார்?"

"அங்கீகாரம் கெடச்ச உடனே புகாரா? நல்லாருக்கே!" என்றார் உதவி அலுவலர். "மொத வருஷம் பயிற்சிக் காலம். எங்களைப் பாராட்டி மட்டும் எழுதலாம், அதுக்குப் பச்சைப் படிவம். புகாரெல்லாம் அடுத்த வருஷம். மொதல்ல பலகை வெக்கணும், துணை ஆணையர் வந்து திறந்து வெக்கணும். பலகைன்னா சாதாரணப் பலகை இல்ல. நாலுக்கு மூணு அடி, கால் அங்குலக் கனத்துல இரும்பு. லாரி ஏறினாலும் வளையாது. மாநகராட்சியோட கௌரவம் ஆச்சே!"

"மூடி எவ்வளவு கனத்துல போடுவீங்க சார்?"

"அதுக்கு இன்னும் அளவு முடிவாகல."

பலகை வந்தது. இரண்டு ஊழியர்கள் இறக்கினார்கள். வரைபடத்தில் உள்ளபடி எல்லைப் புள்ளியில் வைக்க வேண்டும் என்று உத்தரவு. மாநகராட்சியின் எஃகு டேப்பை அடிமுனைச் சுவரில் பிடித்து அளந்துகொண்டே வந்தார்கள். கடைசி வீட்டுச் சுவரைத் தாண்டி, மேலும் பத்து அடி பத்து அங்குலம் போய் நின்றார்கள். காலடியில் குழி.

தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நூற்று முப்பது அங்குலம்! "சார், நான் உள்தையலுக்கு விட்டுட்டேன்..."

"இந்தாங்க, புள்ளி இதுதான்," என்றார் மூத்த ஊழியர். குழியை எட்டிப் பார்த்து, "கம்பம் நடக் குழி ஏற்கெனவே தோண்டியிருக்கு" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

"இதுல கம்பத்தை விட்டா சாக்கடையோட போயிடுமேங்க. புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா?"

"புள்ளியை மாத்தணும்னா வரைபடத்தை மாத்தணும். வரைபடத்தை மாத்தணும்னா சங்கத்தைக் கலைச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கணும். எப்படி வசதி?"

பலகையையும் இரண்டு கம்பங்களையும் சுவரோரம் போட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் திறப்பு விழா. தையல்காரர் பலகையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், மனைவி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். பிறகு நேராக வாத்தியார் வீட்டுக்குப் போய், "பலகை எப்படி இருக்கணும்னு விதியில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

வாத்தியார் புத்தகத்தைப் புரட்டினார். நீளம் இருந்தது, அகலம், கனம், நிறம், எழுத்தின் உயரம், வைக்க வேண்டிய இடம் எல்லாம் இருந்தன. "நிக்கணும்னு எங்கேயும் போடலையே," என்றார். சொல்லிவிட்டுத் தையல்காரரின் முகத்தைப் பார்த்தார். கணக்கு வாத்தியாருக்கு விடை புரிந்துவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்தார்.

பலகை ஐம்பது கிலோவுக்கு மேல். தையல்காரரும் வாத்தியாருமாக ஒரு மூலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் மூச்சு வாங்கி நின்றார்கள். கடையிலிருந்து வெல்டிங் கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கடப்பாரையையும் இரண்டு உருளைக் குழாயையும் எடுத்து வந்தார். பலகையை நெம்பி, குழாயை அடியில் கொடுத்தார்.

"தள்ளுங்க சார்," என்றார், வாத்தியாரைப் பார்க்காமல்.

"தள்ளுறேன் தம்பி," என்றார் வாத்தியார்.

பலகை உருண்டு போய்க் குழியின் மேல் உட்கார்ந்தது. வெல்டிங் கடைக்காரர் குழி வாயைச் சுற்றியிருந்த பழைய இரும்புச் சட்டத்தோடு சேர்த்து எட்டு இடத்தில் பற்றவைத்து, ஓரங்களைத் தேய்த்து மழுக்கினார். முன்பு அவருடைய தகரத்தை ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்தக் கவலை இந்தத் தடவை இல்லை. 'மாநகராட்சி உடைமை, அகற்றுவது தண்டனைக்குரிய குற்றம்' என்று பலகையிலேயே சிவப்பில் எழுதியிருந்தது.

காலையில் துணை ஆணையர் வந்தார். போட்டோக்காரர் வந்தார். உதவி அலுவலர் குடை பிடித்தார். துணை ஆணையர் வண்டியிலிருந்து இறங்கி, தோதான இடமாகப் பார்த்து நின்றுகொண்டு பேசினார்.

"இந்தத் தெருவுக்கு இன்னைக்குத்தான் நான் மொதல் தடவையா வர்றேன். இதுக்கு முன்னாடி இந்தத் தெரு இருந்ததே எனக்குத் தெரியாது. இதுதான் அங்கீகாரத்தோட மகிமை! எங்க போனாலும் ஜனங்க குழி, குழின்னு சொல்றாங்க. நான் கேக்குறேன், எங்கே குழி? நான் நிக்கிற எடத்துல எல்லாம் தரை கெட்டியாத்தான் இருக்கு!" என்று காலைத் தூக்கி ஓங்கி ஒரு மிதி மிதித்தார். டங் என்று கேட்டது. கூட்டம் முழுதும் கை தட்டியது. யாரும் அப்படி மனசாரக் கை தட்டி அவர் தம் சர்வீஸில் கேட்டிருக்க மாட்டார்.

"சரி, பலகை எங்கே? திறந்து வெச்சுடலாம்," என்றார்.

தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க அது மேலதான் ஐயா நிக்கிறீங்க."

துணை ஆணையர் குனிந்து பார்த்தார். உதவி அலுவலரின் குடை சரிந்தது. வாத்தியார் விதிப் புத்தகத்தைப் பிரித்து, நாற்பத்துநாலாம் பக்கத்தை உரக்கப் படித்துக்காட்டினார். இடம் சரி, அளவு சரி, கனம் சரி. நாற்பத்தெட்டுப் பக்கத்திலும் தேடி உதவி அலுவலரால் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் துணை ஆணையர் ரிப்பனைத் தரையோடு தரையாகப் பிடித்து, குந்தி உட்கார்ந்து வெட்டினார்.

வண்டி போன பிறகு, தையல்காரர் வீட்டு வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. மனைவி வாசற்படி இறங்கிவிட்டாள். ஏழு மாதத்துக்குப் பிறகு. தெரு முழுதும் ஒதுங்கி வழிவிட்டது. தையல்காரர் கூடவே நடந்தார், கையைப் பிடிக்கவில்லை, பிடித்தால் திட்டுவாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை.

பலகை அருகே வந்து அவள் நின்றாள். கைத்தடியால் இரண்டு தட்டுத் தட்டினாள். குழியின் விளிம்பைத் தாண்டிப் பலகை எவ்வளவு தூரம் படிந்திருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு இடது காலை முதலில் வைத்து ஏறி, மாநகராட்சியின் முத்திரை மேல் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நாலு பக்கமும் உள்தையல் விட்டிருக்கீங்க," என்றாள். "நல்லாருக்கு. நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."